இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில். இன்னொன்று, பக்கத்து இருக்கையில் உட்காரும் ஆசிரியரின் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கை இருபத்து மூன்று வருஷமாக மிதித்துக்கொண்டிருந்தவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் பிரேக் மாஸ்டர்.

தங்கமான மனுஷர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். பயத்தில் கை வியர்ப்பவர்களுக்கு என்று தினமும் துவைத்த துண்டு ஒன்றைக் கொண்டுவருவார். அவர் பக்கத்தில் இருந்தால் எல்லாரும் அருமையாக ஓட்டினார்கள். ஆனால் லைசென்ஸ் பரீட்சையில் பாதிப்பேர் கோட்டைவிட்டார்கள். "முக்கு வந்தா வண்டி தானா நிக்கும்னு நெனச்சேன் சார்," என்று ஒரு பெண் பரீட்சை வைத்த அதிகாரியிடமே சொல்லிவிட்டாள். அது பயிற்சிப் பள்ளி முதலாளியின் காதுக்கு வந்தது.

முதலாளி மாஸ்டரின் பழைய சிநேகிதர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். உங்க பிரேக்குல ஒரு பஸ்ஸர் மாட்டச் சொல்லியிருக்கேன். நீங்க மிதிச்சா கீன்னு ஒரு சத்தம் வரும். வண்டியை நிறுத்தினது தாங்களா, நீங்களான்னு ஓட்டுறவங்களுக்கும் தெரியணும்ல?"

"மாட்டுங்க, மாட்டுங்க. நான் என்ன, ஒரு வகுப்புக்கு ரெண்டு மூணு தடவை மிதிப்பேன். அதுவும் ஆபத்துக்கு," என்றார் மாஸ்டர். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் வகுப்பிலேயே பஸ்ஸர் ஓயவில்லை. அன்றைக்கு ஓட்டியவர் வங்கியில் வேலை பார்ப்பவர், வாய்த்துடுக்கு. "என்ன மாஸ்டர், வண்டிக்குள்ள சில்வண்டு புகுந்துட்டாப்ல இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மாஸ்டரும் கூடவே சிரித்துவைத்தார். காது மடல் சுட்டது.

அன்று பூராவும் அந்தக் காலோடு மல்லுக்கட்டினார். இடது காலைத் தூக்கி வலது கால்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். மறுநாள் இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டார். கால் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. கீழே விரித்திருந்த மிதியடியையே மிதித்தது. சத்தம் வரவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டதே. சாயங்காலம் கெண்டைக்கால் கட்டை மாதிரி இறுகி, நொண்டி நொண்டி வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் நாள் பல் டாக்டர் வகுப்புக்கு வந்தார். ஐம்பது வயது அம்மாள். கடைவீதி மாடியில் சொந்தமாகச் சின்ன கிளினிக். கணவர் இருந்தவரை அவர்தான் வண்டி ஓட்டினார். அவர் போன பிறகு கார் இரண்டு வருஷம் உறை போட்டபடியே நின்றது. ஒருநாள் உறையை எடுத்துப் பார்த்திருக்கிறார், உள்ளே ஒரு குருவி கூடு கட்டியிருந்ததாம். குஞ்சுகள் பறந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, மறுநாளே பயிற்சிப் பள்ளியில் பேர் கொடுத்தார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகும் சாலை நேராக இருக்கும், ஈ காக்கை இருக்காது. அங்கே நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தார் டாக்டர். கீ. டாக்டர் வண்டியை ஓரங்கட்டினார்.

"இப்ப எதுக்கு மாஸ்டர் மிதிச்சீங்க?"

"மன்னிச்சுக்குங்க டாக்டரம்மா. கால் தவறிடுச்சு."

"தப்புன்னு சொல்லல. எதுக்குன்னு கேக்குறேன்."

மாஸ்டர் சாலையைப் பார்த்தார். முன்னால் ஒன்றுமில்லை. பின்னாலும் இல்லை. சொல்ல ஒரு காரணம் தேடினார், அகப்படவில்லை. "தெரியல," என்றார்.

டாக்டரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கேலி இல்லை. பூட்டின பெட்டியைப் பார்த்தால் சிலருக்கு வருமே, அந்த ஆவல். "நான் ஒருத்தரை வாயைத் தொறக்கச் சொல்றதுக்கு முன்னாடி அவங்க காலைத்தான் பாப்பேன். பயப்படவே இல்லன்னு சொல்வாங்க, செருப்புக்குள்ள விரல் அஞ்சும் மடங்கியிருக்கும். வாய் பொய் சொல்லும் மாஸ்டர், கால் சொல்லாது."

"இதை எப்படியாவது நிறுத்தணும். ஏதாவது வைத்தியம் இருந்தா சொல்லுங்க."

"நிறுத்துறது அப்புறம் இருக்கட்டும். அது எப்படி வருதுன்னு முதல்ல பாக்கலாமே. நான் ஓட்டுறேன். சத்தம் கேட்டா, அதுக்கு ஒரு நொடி முன்னாடி உங்களுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. உங்களையே திட்டிக்காம சொல்லணும். அது முக்கியம்."

பைத்தியக்கார வேலை என்று மாஸ்டருக்குப் பட்டது. ஆனாலும் மூன்று நாள் சண்டையில் தோற்றவருக்கு வேறு வழி இல்லை.

கீ. "ஒண்ணும் நடக்கல. திடீர்னு மிதிச்சிருச்சு."

கீ. "கெண்டைக்கால் இறுகுச்சு."

கீ. "இருங்க, இருங்க. இறுகுறதுக்கு முன்னாடி வயித்துல ஒரு சூடு."

சாலை முடிகிற இடத்தில் திரும்பி வரும்போது இன்னும் ஒன்று அகப்பட்டது. "அந்தச் சூட்டுக்கும் முன்னாடி ஒரு படம் வருது டாக்டரம்மா. மோதுற மாதிரி."

"எதுல மோதுது?"

"எதுலயும் இல்ல. மோதுறது மட்டும்தான் வருது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டாக்டருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. இரண்டு பேரும் அந்த ஆளில்லாத சாலையில் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

இறங்கும்போது டாக்டர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை காலையில எங்க கிளினிக்ல ஏழெட்டுப் பேர் சேர்ந்து கொஞ்ச நேரம் சும்மா உக்காருவோம். வாங்களேன்."

மாஸ்டருக்குச் சந்தேகம் வந்தது. "சாமி கும்பிடுற இடமா?"

"சாமியும் இல்ல, சாமியாரும் இல்ல. புத்தரைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. மறுபிறவி, மோட்சம் எல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த மனுஷன் தன் மனசு வேலை செய்யுறதைத் தானே உக்காந்து பாத்தார், அடுத்தவங்களையும் பாக்கச் சொன்னார். அது மட்டும் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. வீட்டுக்காரர் போனப்ப அழுகையை அடக்குறதே எனக்கு வேலையாப் போச்சு. ஒருநாள் அடக்காம, அது எப்படி வருதுன்னு பாத்தேன். அலை மாதிரி வந்துச்சு, இருந்துச்சு, போச்சு. திரும்ப வந்துச்சு. ஆனா போகும்னு தெரிஞ்சுபோச்சுல்ல."

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் போனார். நோயாளிகள் காத்திருக்கும் அறைதான். சுவரில் ஈறு வீங்கின படம். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு நர்ஸ், ஒரு தச்சர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இன்னும் நாலைந்து பேர். சொற்பொழிவு கிடையாது. மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்க வேண்டும், மனசு எங்கேயாவது போனால் போனதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். இருபது நிமிஷம்.

ஐந்தாவது நிமிஷத்தில் மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்தது. அவருக்கு ஆச்சரியமாகிவிட்டது. அறை நின்ற இடத்தில் நிற்கிறது. எங்கே போய் இடிக்கப்போகிறது?

முடிந்ததும் டாக்டர், "யாராவது ஏதாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். தச்சர் தனக்கு இட்லிப் பானை அளவுக்குக் கோபம் இருப்பதாகச் சொன்னார். மாஸ்டர் காலைப் பற்றிச் சொன்னார்.

"கால் மிதிச்சுதா, நீங்க மிதிச்சீங்களா?" என்று கேட்டார் கணக்கு வாத்தியார்.

மாஸ்டர் யோசித்தார். "நான் போய்ச் சேர்றதுக்குள்ள அது மிதிச்சு முடிச்சிருது சார்."

யாரும் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. வாத்தியார் மட்டும், நல்ல கணக்கு ஒன்று கிடைத்த மாதிரி தலையாட்டினார்.

அன்றிலிருந்து மாஸ்டர் காலை வீட்டிலும் கவனிக்க ஆரம்பித்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மனைவி கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கினால் கால் மிதித்தது. மாடிப்படியில் யாராவது வேகமாக இறங்கினால் மிதித்தது. டெலிபோன் மணி அடித்தால் மிதித்தது. ஆனால் முன்பு போல வெட்கமாக இல்லை. இதோ, வந்துட்டியா, என்று ஒரு வேண்டாத விருந்தாளியை வாசலில் பார்ப்பது போலப் பார்த்தார். சில சமயம், பார்க்கிற அந்த நொடியிலேயே பாதம் தானாகத் தளர்ந்தது. சில சமயம் தளரவில்லை. அதையும் பார்த்தார்.

மனைவி தபால் அலுவலகத்தில் பார்சல் வாங்கும் இடத்தில் வேலை செய்பவர். எதையும் எடை போட்டுத்தான் பேசுவார். ஒருநாள் சாப்பிடும்போது மாஸ்டர் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். "எல்லாம் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுதான் காரணம்னு நெனைக்கிறேன். ஒருத்தர் வண்டியை நேரா மதில்ல விடப் பாத்தாரே, அன்னைக்குப் புடிச்ச பயம்." இந்தக் கதையை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"அதெல்லாம் சும்மா," என்றார் மனைவி. "கல்யாணமான புதுசுல பஸ்ல பக்கத்துல உக்காந்து வருவீங்கல்ல, அப்பவே மிதிப்பீங்க. என் செருப்பு வார் ஒண்ணு அதுலதான் அறுந்துச்சு."

மாஸ்டர் உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்தார். பன்னிரண்டு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த காரணம் ஒரு வாய்ச் சோற்றுக்குள் காணாமல் போய்விட்டது. "ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

அவர்களுக்கு ஒரே மகள். இருபத்து மூன்று வயது, வீட்டில் இன்னும் பாப்பாதான். மிருக ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருப்பதற்குப் படித்து முடித்திருந்தாள். மூன்று வாரமாக அவள் மாஸ்டரிடம் "அப்பா, ஒண்ணு சொல்லணும்," என்று வந்துவந்து போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் என்னவோ நடந்து பேச்சு நின்றுபோனது.

அன்று மாலை திரும்பவும் வந்தாள். மாஸ்டர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அப்பா, ஒண்ணு..."

"சாப்பிட்டியா?" என்றார் மாஸ்டர்.

"சாப்பிட்டேன். அது வந்து..."

"இன்னைக்கு என்ன வெயில், பாத்தியா!"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வயிற்றில் அந்தச் சூடு இருந்தது. கால் அசையவில்லை, தரையில் சும்மா கிடந்தது. மிதித்தது நாக்கு. மூன்று வாரமாக, இல்லை, எத்தனையோ வருஷமாக, அந்தப் பிள்ளை வாயெடுக்கிற போதெல்லாம் மிதித்திருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகவா என்று கேட்க வந்தபோது "பரீட்சை எப்போ?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. தோழி வீட்டில் தங்க வேண்டும் என்று வந்தபோது "கதவைச் சாத்து, கொசு வருது". அவள் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். பெண் அடக்கமான பெண் என்று அவர் பெருமையாக வெளியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "உங்க வாயிலயும் ஒரு பஸ்ஸர் மாட்டச் சொல்லணும் முதலாளிகிட்ட."

மாஸ்டர் காலுறையைக் கீழே வைத்தார். "நீ சொல்லும்மா. நான் பேசல."

பாப்பா அவரை நம்பாமல் பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். துறைமுக ஊரில் பெரிய மிருக ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. ரயிலில் ஏழு மணி நேரம். தங்குவதற்கு அறையும் கொடுக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். "சரின்னு எழுதி அனுப்பிட்டேன்ப்பா."

மாஸ்டரின் உள்ளே ஒரு பெரிய ஊர்வலமே போயிற்று. சூடு வந்தது. மோதுகிற படம் வந்தது. தனி அறை, ராத்திரி ரயில், காய்ச்சல், தெரியாத ஊர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டித் தயாராக நின்றது. அவர் அதை அங்கேயே நிற்கவிட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நெஞ்சு வலிப்பது போல இருந்தது. அந்த வலிக்கு அடியில், அவர் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. இந்தப் பெண்ணை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பாப்பாவின் உதடு துடித்தது. "ஏதாவது சொல்லுங்கப்பா."

"நீ முடிச்சிட்டியா?"

"வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. "நீங்க எப்படியும் வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னுதான் அவ்வளவு தைரியமா எழுதிப் போட்டேன். இப்ப நிஜமாவே போகணும்போல இருக்கே!"

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. முக்கு வந்தால் வண்டி தானாக நிற்கும் என்று நினைத்த பெண் பரீட்சையில் மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளேயும் ஒருத்தி இருந்திருக்கிறாள். இப்போது ஒரு வார்த்தை போதும். வேண்டாம் கண்ணு, இங்கேயே ஒரு வேலை பார்த்துக்கலாம் என்றால் அவள் அழுதுகொண்டே சிரித்து, நாளைக்கே மறுத்து எழுதிவிடுவாள். அவளே கேட்கிறாளே. எல்லாருக்கும் நிம்மதி.

"எனக்குப் பயமா இருக்கு பாப்பா," என்றார். "வயித்துல சூடா இருக்கு. உனக்கு எப்படி இருக்கு?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். அப்பா இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. கொஞ்சம் யோசித்து, "தொண்டையில கல்லு மாதிரி," என்றாள்.

"அது மட்டுமா?"

"இல்ல." இன்னும் யோசித்தாள். "கல்லுக்குக் கீழ என்னமோ குறுகுறுங்குது. அங்க கடல் ஆமைக்கெல்லாம் வைத்தியம் பாக்குறாங்களாம்ப்பா. ஆமைக்கு ஊசி எங்க போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது," என்றார் மாஸ்டர். அன்றைக்கு அவர்கள் ஆமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். போவதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. மறுநாள் காலையில் பாப்பா பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

ரயிலடியில் மாஸ்டரின் கால் நடைமேடையை நன்றாக மிதித்தது. ரயில் அதற்குக் கட்டுப்படாமல் போயிற்று. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார், ரயில் மறைந்த பிறகும் விடவில்லை. மூன்றாம் நாள் பாப்பாவின் போன் வந்தது: ஆமைக்கு முன்னங்கால் தோள் பக்கம்தான் ஊசி போடுவார்களாம். வீட்டு ஞாபகத்தில் இரண்டு நாள் அழுதாளாம். "அழுகை வந்துட்டுப் போயிருச்சுப்பா," என்றாள்.

வண்டியில் பஸ்ஸர் அடியோடு நின்றுவிடவில்லை. ஒருநாள் பல் டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது சந்திலிருந்து ஒரு சரக்கு வண்டி பின்னோக்கி வந்தது. மாஸ்டரின் கால் மிதித்தது. வண்டி நின்ற பிறகு அவர் கவனித்தார். வயிற்றில் சூடும் இல்லை, மோதுகிற படமும் இல்லை. தண்ணீர் குடிக்கக் கை நீட்டுவது போலக் கால் போயிருந்தது. வேண்டிய நேரத்தில் மிதிக்கப் பயமே தேவைப்படவில்லை என்பதை நினைக்க நினைக்க அவருக்கு வியப்பாக இருந்தது. அந்த மாதம் டாக்டர் லைசென்ஸ் பரீட்சையில் தேறினார், இரண்டாம் முயற்சியில். முதல் தடவை பின்பக்கக் கண்ணாடியில் தெரிந்த குருவியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டாராம்.

மாஸ்டர் சாயங்கால வகுப்புகளைக் குறைத்துக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அப்படி வந்த ஒருநாள், மனைவி அடுப்படியில் விளக்குப் போடாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். முன்பும் எப்போதாவது பார்த்திருக்கிறார். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொள்வார். "இருட்டுல என்ன பண்ற?" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைத் தட்டுவார். இன்றைக்குக் கை சுவிட்சிடம் போய் நின்றது. தட்டவில்லை.

"ஏம்மா, இங்க உக்காந்து என்ன பண்ணுவ நீ?"

மனைவி அவர் பக்கம் திரும்பினார். "சிரிக்கக் கூடாது," என்றார்.

"சிரிக்கல."

"இருட்டுறதைப் பாப்பேன். அந்தப் பச்சை வாளி இருக்குல்ல, முதல்ல அதுல நிறம் போகும். அப்புறம் சுவரு. பாத்திரத்துல மட்டும் கடைசி வரைக்கும் கொஞ்சம் வெளிச்சம் நிக்கும். எந்த நிமிஷத்துல இருட்டாச்சுன்னு பிடிச்சிரணும்னு பாப்பேன். ஒருநாளும் பிடிக்க முடிஞ்சதில்ல."

"எத்தனை நாளா?"

"பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச வருஷத்துலேருந்து."

மாஸ்டர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பதினெட்டு வருஷமாக, இந்த அடுப்படியில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், கிளினிக்குக்கும் போகாமல். அவருக்கு என்னென்னவோ கேட்க வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க," என்றார் மனைவி மெதுவாக. "வாளியைப் பாருங்க, இப்பத்தான் போகுது."

பச்சை இருந்தது. இருக்கிற மாதிரி இருந்தது. மாஸ்டர் கண் கொட்டாமல் பார்த்தார். பக்கத்தில் மனைவியின் மூச்சு கேட்டது. எதிர்வீட்டில் யாரோ விளக்கைப் போட்டார்கள். ஜன்னல் வழியாக மஞ்சள் வெளிச்சம் சுவரில் சாய்ந்து விழுந்தது.

"அடச்சே, போச்சு," என்றார் மனைவி. "நாளைக்குப் பாக்கலாம்."